நீ அழுதபோது கேமரா உன்னைப் பார்க்கவில்லை

சக்திவேலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரிப்பா, உன் இஷ்டம்" என்று வைத்தேனே, அந்தச் சரியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. பக்கத்தில் பால்காரர் நின்றுகொண்டிருந்தார், அவர் முன்னால் வேறு எதுவும் பேச முடியவில்லை. ஒகேனக்கல்லில் பாதியில் நின்றுபோன உன் குளோசப்பை வருகிற செவ்வாய்க்கிழமை சென்னையில் பேட்ச் ஒர்க்காக எடுத்து முடிக்கப்போகிறார்கள், அதற்கு வரமாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாய். அதோடு நிற்காமல், நடிப்பே போதும், ஓசூரில் சிநேகிதன் நடத்துகிற டிராவல்ஸ் ஆபீசில் போய் உட்காரப்போகிறேன் என்றும் சொன்னாய். ஏன் என்று கேட்டேன். "அந்த வரியப் பேசணும்னு நெனச்சாலே நீங்க அன்னிக்குச் சொன்னதுதாம்ப்பா காதுல உழுவுது. என்னச் சமாதானப்படுத்தத்தான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாதா. ஆனா அன்னிலருந்து மூஞ்சி நான் சொன்னபடி கேக்க மாட்டேங்குது. மூஞ்சிய வெச்சிப் பொழைக்கிறவன் நானு, அது கேக்கலைன்னா அப்பறம் என்னா இருக்குது" என்றாய்.

அந்தச் சமாதானம் என்கிற வார்த்தைதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. ஒகேனக்கல் படப்பிடிப்பில் நடுவில் வாயைத் திறந்து உன் காட்சியைக் கெடுத்தது நான்தான். அத்தனை பேர் முன்னால் டைரக்டரிடம் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் நான் சொன்னது சமாதானத்துக்குச் சொன்ன பொய் இல்லை. அது நடந்தது. நடந்ததை உனக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்றால் போனில் ஆகாது. நான் ஆரம்பித்த உடனே நீ, "சரிப்பா, சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று பேச்சைத் திருப்பிவிடுவாய். இத்தனை நாளும் அப்படித்தான் திருப்பியிருக்கிறாய். காகிதத்தில் அதற்கு வழியில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் இதை முழுதாகப் படித்துவிட்டு, பிறகு எங்கே வேண்டுமானாலும் போய் உட்கார்.

உன் தொழிலைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். ஒன்றும் இல்லைதான். தர்மபுரிக்கும் ஒகேனக்கல்லுக்கும் நடுவே அரசாங்க பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். நீ முதல்முதலாக நடித்த படத்தைப் பார்க்க அதியமான்கோட்டையிலிருந்து நானும் உன் அம்மாவும் தர்மபுரி தியேட்டருக்குப் போனது நினைவிருக்கிறதா, நீ சென்னையிலிருந்தபடி போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாய். நீ போலீஸ்காரன். இன்ஸ்பெக்டருக்கு ஜீப் கதவைத் திறந்துவிடுவாய், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து என் செருப்பு சீட்டுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து காலால் துழாவிவிட்டு நிமிர்ந்தால் ஜீப் போயேவிட்டது. உன் அம்மா என் கையைக் கிள்ளிய கிள்ளு வீட்டுக்கு வந்த பிறகும் சிவந்து கிடந்தது. "கதவத் தொறக்கறப்ப அந்த இன்ஸ்பெக்டர ஒரு பார்வ பாத்தான் பாருங்க, அந்தாளு கையில காசு வாங்கற ஆளுன்னு அதுலயே தெரிஞ்சிபோச்சி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். பெற்றவள் கண்ணுக்கு எல்லாம் தெரியும் என்று நான் சிரித்தேன். அடுத்த வாரம் அவளுக்குத் தெரியாமல் தனியாகப் போய் மறுபடியும் பார்த்தேன். அந்தப் பார்வை இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு அந்த டிவி நாடகத்தில் சித்தப்பாவாக வருடக்கணக்கில் நின்றாய். நின்றாய் என்றுதான் சொல்ல வேண்டும். பெரியப்பா கத்துவார், பெரியம்மா சாபம் விடுவாள், மருமகள் அழுவாள், நீ பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய். உனக்கு ஒரு வரி வசனம் வந்தால் அன்று உன் அம்மா கேசரி கிண்டுவாள். பென்னாகரத்தில் என் பஸ்ஸில் ஏறுகிற பெண்களுக்கெல்லாம் நான் சித்தப்பாவோட அப்பா ஆகிவிட்டேன். ஒரு நாள் கீரைக்கூடையோடு ஏறின அம்மா ஒருத்தி என் சீட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "ஏங்க, உங்க பையன் வாயத் தொறந்து அந்தப் பொண்ணுக்காவ ஒரு வார்த்த பேசக் கூடாதுங்களா? இப்பிடியே நின்னா அது கெதி என்னாங்க ஆவறது?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்று டூட்டி முடிந்ததும் உனக்குப் போன் செய்து, நாளைக்காவது அந்தப் பெண் பக்கம் பேசிவிடு என்று சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் உன் பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தது கேட்டது. "அது எழுதறவங்க குடுக்கறதுப்பா, நானா எடுத்துக்க முடியாது" என்றாய். எனக்கு அது புரியத்தான் இல்லை. வாயும் நாக்கும் உன்னுடையது, அடுத்தவன் எழுதித் தரும்வரை நிற்பதும் ஒரு வேலையா என்று நினைத்தேன். சொந்தக்காரர்கள் உன் மகன் சினிமாவில் என்ன செய்கிறான் என்று கேட்டால், "நிக்கிறான்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். உன் அம்மா சிரித்ததே இல்லை.

இப்போது ஒகேனக்கல்லுக்கு வருகிறேன். இத்தனை பக்கத்தில் ஷூட்டிங், வேண்டுமென்றால் வந்து பாருங்கள் என்று நீதான் கூப்பிட்டாய். என்னோடு கண்டக்டராக இருந்த முனுசாமியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நாங்கள் ஓட்டின அதே ரூட்டில் பயணிகளாக உட்கார்ந்துபோவது அவனுக்குப் பொறுக்கவில்லை, விசில் அடிக்கத் தெரியவில்லை என்று அந்தக் கண்டக்டர் பையனைத் திட்டிக்கொண்டே வந்தான். பரிசல் துறையைத் தாண்டி, பாறைகள் மேல் குடையும் விளக்குமாக நின்றிருந்தீர்கள். நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேர்க்கடலையை மென்றபடி ஹீரோ தம்பிக்கு நம் பேச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். "வீட்டுக்குன்னு சொல்லாத தம்பி, வூட்டுக்கு. வூ. ஒதட்டக் குவி" என்றாய். அவரும் சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் குவித்துக் குவித்துச் சொல்லிப் பார்த்தார். நான் பாறையைச் சுற்றிப் பார்த்தேன். நீயும் நானும் உன் அம்மாவின் அஸ்தியைக் கரைத்த இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். நீயும் அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாய்.

கதையை அங்கிருந்த அசிஸ்டன்ட் டைரக்டர் பெண் எங்களுக்குச் சொன்னது. அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பிதான் ஹீரோ, வெளியூரில் இருக்கிறான். அம்மா சாகும்போது கூட இருந்தவன் அண்ணன், அது நீ. தம்பி வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அஸ்தி கரைக்க வந்த இடத்தில் அண்ணன் முதல்முறையாக வாயைத் திறக்கிறான். அம்மா கடைசியாக என்ன கேட்டாள் என்று ஒரு வார்த்தை கேட்டாயாடா என்று தம்பியைப் பிடித்து உலுக்குகிறான். கேட்டவுடனே எனக்கு நம் வீடுதான் ஞாபகத்துக்கு வந்தது. உன்னைப் பார்த்தேன், நீ கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தாய். இவனுக்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது, தொழில்காரன், நான்தான் வயசாகிக் குழம்புகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் கேமராவை ஹீரோ முகத்துக்கு நேராக வைத்தார்கள். நீ கேமராவுக்குப் பக்கத்தில், அதன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் நின்றாய். டைரக்டர் ஆக்ஷன் என்றார். கையில் மிச்சமிருந்த கடலையைச் சட்டைப்பையில் போட்ட அதே கையோடு நீ வேறு ஆளாக ஆகிவிட்டாய். தாடை நடுங்கியது, கண் நிறைந்து வழிந்தது, மூக்கு ஒழுகியது, கழுத்து நரம்பு புடைத்தது. முனுசாமி என் காதில், "டிரைவரே, கேமரா அந்தாண்ட பாக்குது, உங்க பையன் எதுக்கு இந்தாண்ட நின்னு அழுவுறான்? யாரு பாக்கறது அத?" என்றான். எனக்கும் அதே சந்தேகம்தான், கேமராவைத் தப்பாகத் திருப்பி வைத்துவிட்டார்களோ என்று பார்த்தேன். அந்தப் பெண்தான் சிரித்துக்கொண்டே சொன்னது: "அண்ணன் அழுதாத்தாங்க சார் ஹீரோ சாருக்கு மொகம் வரும். நெறைய பேரு இந்த எடத்துல சும்மா வசனத்த ஒப்பிச்சிட்டுப் போயிருவாங்க. அண்ணன் மட்டுந்தான் இப்பிடி. அதனாலயே இவருகூட நடிக்கணும்னு கேட்டு வாங்கறாங்க."

ஒரு தடவையோடு முடியவில்லை. ஹீரோவுக்கு வார்த்தை தடுக்கியது. மேகம் வந்தது. பரிசலில் போனவர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். ஒவ்வொரு தடவையும் கட் என்றதும் நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல தம்பி, பொறுமையா" என்பாய். மறுபடி ஆக்ஷன் என்றதும் எங்கிருந்தோ புதிதாக அதே அழுகை வரும். பழசைத் திருப்பிப் போட்ட மாதிரி இல்லை, அப்போதுதான் செய்தி கேட்டவன் மாதிரி வரும். நான் மலைத்துப்போய் நின்றேன். ஒரு மனிதன் உடம்புக்குள் இவ்வளவு இருக்குமா, இருந்தாலும் அதை இப்படி அள்ளி அடுத்தவனுக்குக் கொடுப்பானா என்று இருந்தது. கடைசியில் உன்னைப் பார்த்துப் பார்த்தே அந்தத் தம்பியின் முகம் இளகியது, நிஜமாகவே தேம்பி அழுதார். எல்லாரும் கைதட்டினார்கள். முதலில் தட்டினது நீ. படம் வரும்போது அந்த அழுகையை ஊரே பேசும், அதற்கு விதை போட்டவன் தோள்கூட அதில் தெரியாது. எனக்கு ஆத்திரமாக வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் பிள்ளையா இவன் என்று திரும்பத் திரும்பத் தோன்றியதே தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு உன் முறை. ஹீரோ தம்பி பெங்களூர் போய் விமானம் பிடிக்க வேண்டும் என்று, உன் கையைப் பிடித்து, "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நல்ல பையன்தான், நான் குறை சொல்லவில்லை. அவர் நின்ற இடத்தில் ஒரு இரும்பு ஸ்டாண்டை நட்டு, அவர் கண் உயரத்தில் கறுப்பு டேப் ஒட்டினார்கள். நீ அந்த டேப்பைப் பார்த்துப் பேச வேண்டும். அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்து ஹீரோவின் வசனத்தைப் படிக்கும். ஒத்திகையில் நீ அந்தக் கம்பியைப் பார்த்து, "டேய் தம்பி" என்றாய். காலையிலிருந்து அத்தனை பேருக்கும் முகம் கொடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு முகம் இல்லையே என்று எனக்கு மனசு ஆறவில்லை. என்ன தைரியத்தில் போனேனோ தெரியாது, நேராக அந்தப் பெண்ணிடம் போய், "ஏம்மா, இந்தக் கம்பிக்குப் பதிலா நான் நின்னா ஆவாதா?" என்று கேட்டேன். நீ, "வேணாம்ப்பா, நீங்க போயி நெழல்ல உக்காருங்க" என்றாய். டைரக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஹைட்டு சரியா இருக்காரே, நிக்கட்டும்" என்றார். ஸ்டாண்டை எடுத்துவிட்டு என்னை நிறுத்தினார்கள். அசையக் கூடாது, கேமராவைப் பார்க்கக் கூடாது, உன் கண்ணை மட்டும் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்.

சக்திவேல், உன்னை நான் அத்தனை பக்கத்தில் நின்று, அத்தனை நேரம், நேருக்கு நேராகப் பார்த்ததே இல்லை. நம் வீட்டில் யார் அப்படிப் பார்க்கிறோம். ஆக்ஷன் என்ற சத்தம் எங்கேயோ கேட்டது. உன் கண்ணில் இருந்த என் மகன் உள்ளே போய்விட்டான், தாயைப் பக்கத்தில் இருந்து பறிகொடுத்த ஒருவன் வெளியே வந்தான். அந்த ஆளை எனக்குத் தெரியும். அது நான். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த என்னை நீ பார்த்ததே இல்லை, நீ வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் நான் உட்கார்ந்திருந்த அந்தக் கூனல், நான் மூச்சை இழுத்து இழுத்து விட்டது, அழாமல் இருக்க நாக்கை ஒரு பக்கமாகக் கடித்துக்கொள்வது எல்லாம் உன்னிடம் இருந்தது. எப்போது எடுத்தாய் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கதையில் நீ கூட இருந்தவன், நான் பிந்தி வந்தவன். நிஜத்தில் எல்லாம் மாறி இருந்தது. நான் உனக்குச் சொல்ல வேண்டியிருந்ததை நீ எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். நீ என் சட்டையைப் பிடித்தாய். "அம்மா கடைசியா என்னா கேட்டுச்சின்னு ஒரு வார்த்த கேட்டியாடா நீ?" என்றாய்.

எனக்கு ஷூட்டிங்கும் தெரியவில்லை, டைரக்டரும் தெரியவில்லை. இந்தக் கேள்வியை நீ எப்போது கேட்பாய் என்றுதானே நான் காத்துக்கொண்டிருந்தேன். "உன்னயப் பாத்துட்டாடா. பாத்துட்டுத்தாண்டா போனா" என்றேன். உன் பிடி தளர்ந்தது. உன் முகத்தில் அப்போது வந்தது நடிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. யாரும் கட் சொல்லவில்லை. நீயாகவே திரும்பி, கேமரா எல்லையைத் தாண்டி, பாறை மேல் ஏறித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாய். நான் போய் மன்னிப்புக் கேட்டேன், டைரக்டர் என்னைத் திட்டவில்லை. கேமராவோடு சேர்த்திருந்த சின்ன டிவியில் அப்போது எடுத்ததையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது, மிச்சத்தைப் பேட்ச் ஒர்க்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று சாமான்களை மூட்டை கட்டிவிட்டார்கள். நீ வந்து எங்களுக்கு டீ வாங்கிக்கொடுத்தாய். "பஸ்ஸுக்கு நேரமாச்சிப்பா" என்று அனுப்பிவைத்தாய். பென்னாகரம் வந்ததும் முனுசாமி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிறகு, "நாம டிக்கெட் கிழிச்சி, வண்டி ஓட்டி என்னாத்தக் கண்டோம் டிரைவரே. உங்க பையன் பண்றது சாமி வேல" என்றான். அவன் இப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை என்று உனக்கே தெரியும்.

அன்று தர்மபுரி ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்பதை இனிச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள் என்றதும் உனக்குப் போன் போட்டேன். நீ பொள்ளாச்சியில் இருந்தாய். போட்ட மேக்கப்போடு கிளம்பிவிட்டாய். சேலம் தாண்டியதும் ஒரு தடவை பேசினாய். அதற்குப் பிறகு, "தொப்பூர்லப்பா, லாரி கவுந்து கெடக்குது, வண்டி நவுர மாட்டேங்குது" என்றாய். அந்தக் கணவாயில் வண்டி நின்றால் எப்போது நகரும் என்பது எனக்குத் தெரியாததா. காரிலேயே உட்காரு, இறங்காதே என்றேன். நீ கேட்கவில்லை, லாரிகளுக்கு நடுவே மேடு ஏறி நடந்தே வந்து, அந்தப் பக்கம் யாரையோ கெஞ்சி வண்டி பிடித்து வந்து சேர்ந்தாய். முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது, முழங்கால் வரை புழுதி. அவள் முகத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை. காரியம் முடிந்த கையோடு, பாதியில் விட்டுவந்த காட்சிக்குக் கன்டினியூட்டி இருக்கிறது, போயாக வேண்டும் என்று போய்விட்டாய். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வந்தாய், சாப்பிட்டாய், படுத்தாய், போனாய். பிந்திவிட்டோம் என்கிற எண்ணம் உன்னை உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ கேட்டால் சொல்லலாம் என்று நான் இருந்தேன், நீ கேட்டுவிடுவோமோ என்று பயந்து பயந்து இருந்தாய்.

நீ தொப்பூரில் நிற்பதாக அவளிடம் சொன்னேன். அவளுக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. முகத்தில் மாட்டியிருந்ததைக் கையால் நகர்த்திவிட்டு, "அதுக்குள்ள அவன் நாடகம் வந்துரும், செல்லுல போடுங்க" என்றாள். எனக்கு அதைப் போடத் தெரியவில்லை, நர்ஸ் பெண் வாங்கிப் போட்டுக் கொடுத்தது. நான் கையில் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குக் கல்யாணப் பேச்சுச் சண்டை. கூடம் நிறைய ஆள், எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். நீ ஓரத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாய். என் கையில் இருந்த அந்தச் சின்னத் திரையில் உன் முகம் விரல் நகம் அளவுகூட இல்லை. அவள் பேசுகிறவர்கள் பக்கமே போகவில்லை, அந்த ஓரத்தையேதான் பார்த்தாள். இன்னும் கிட்டே கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டினாள். கொண்டுபோனேன். உனக்கு அன்று ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொருவர் பேசும்போதும் உன் முகம் மாறிக்கொண்டே இருந்தது. அவள் விட்டு விட்டு, மூச்சு வாங்கி வாங்கி என்னிடம் சொன்னாள்: "எல்லாரும் பேசறாங்க. இவன் ஒருத்தந்தாங்க கேக்கறான். நல்லாப் பாருங்க. வந்தான்னா சொல்லுங்க, நான் பாத்தேன்னு."

நான் நல்லாத்தான் பார்த்தேன், அப்போது எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒகேனக்கல் பாறையில் உனக்கு எதிரே நின்றபோதுதான் தெரிந்தது. அவளுக்கு அந்த ஜீப் கதவிலேயே தெரிந்திருக்கிறது. விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்து நீ மறுபடி அந்த ஜன்னல் ஓரத்தில் வந்து நின்றபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். நான் செல்லை அணைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தேன், நாடகம் முடியும்வரை.

நீ பிந்தி வரவில்லை, சக்திவேல். அவள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். ஓசூர் எங்கேயும் ஓடிப்போகாது. செவ்வாய்க்கிழமை போய் நின்று அந்த வரியைப் பேசு. எதிரே கம்பியை வைத்தாலும் சரி, யாரை வைத்தாலும் சரி, இந்தத் தடவை நீ கேட்கிற கேள்விக்குப் பதில் உனக்குத் தெரியும்.

அப்பா